நகராத புள்ளி

வரைபடத்தில் என் புள்ளி பதினோரு நிமிடமாக நகரவில்லை என்று என் மகன் மூன்று தடவை போன் செய்துவிட்டான். நான் ஹெசரகட்டா ரோட்டில் ஒரு கடை வாசலில் உட்கார்ந்து தட்டு இட்லி தின்றுகொண்டிருந்தேன். மூன்றாவது தடவை வாயில் இட்லியோடு எடுத்தேன்.

"அம்மா, ஏன் அங்கேயே நிக்கறே?"

"நிக்கலைடா. உக்காந்திருக்கேன்."

"பதினோரு நிமிஷமா புள்ளி அசையவே இல்லை. அப்பா டென்ஷன் ஆயிட்டார்."

"தட்டு காலியாகட்டும், புள்ளி அசையும்," என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்தேனே தவிர, அடுத்த வாய் இறங்கவில்லை. ஐம்பத்தாறு வயதில் இட்லி தின்ன எவ்வளவு நேரம் ஆகும் என்று வீட்டுக்கு விளக்கம் கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

நான் ராதா. பெங்களூர் மல்லேஸ்வரம் பதினேழாவது கிராஸில் வீடு. நீர்ப்பாசன இலாகாவில் இருபத்தேழு வருடம் குப்பை கொட்டிவிட்டு, ஐம்பத்திரண்டு வயதில் போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவள். அங்கே எங்கள் பிரிவில் மூவ்மெண்ட் ரிஜிஸ்டர் என்று ஒரு தடி நோட்டு உண்டு. பக்கத்து மாடிக்கு ஃபைல் தூக்கிக்கொண்டு போனாலும் அதில் எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். எங்கே, எதற்கு, எத்தனை மணிக்கு, திரும்பியது எப்போது. ஆண்கள் டீ குடிக்கப் போனதை அந்த நோட்டில் எழுதி நான் பார்த்ததில்லை. நான் எல்லாவற்றையும் எழுதினேன். வெளியே வந்த மறு மாதமே ஒரு ரோட் சைக்கிள் வாங்கினேன். வளைந்த ஹேண்டில்பார், ஒல்லி டயர், தலையில் ஹெல்மெட். தெருவில் சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும். விடிகிற நேரத்தில் யஷ்வந்த்பூர் தாண்டும்போது, நான் போகிற இடத்தை எந்த நோட்டிலும் எழுத வேண்டாம் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

நான்கு வருடம் யாரும் கண்டுகொள்ளவில்லை. ஐம்பது கிலோமீட்டர், அறுபது கிலோமீட்டர் போய்விட்டு, என் வீட்டுக்காரருக்கு ஒன்பது மணிக் காபிக்குத் திரும்பிவிடுவேன். அது வரைக்கும் அது 'அம்மாவோட பொழுதுபோக்கு'. இருநூறு கிலோமீட்டருக்குப் பெயர் கொடுத்தேன் என்றதும் வீடு விழித்துக்கொண்டது.

அதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது பந்தயம் இல்லை. காலை ஆறு மணிக்குக் கிளம்பி, கௌரிபிதனூர் வழியாக ஹிந்துபூரைத் தாண்டிப் போய், அதே வழியில் திரும்ப வேண்டும். பதிமூன்றரை மணி நேரம் அவகாசம். வழியில் சொன்ன இடங்களில் நிறுத்தி ஓர் அட்டையில் முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். முக்கியமான விதி ஒன்று உண்டு. பஞ்சரானாலும் பசித்தாலும் அவரவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டுக் கார் பின்னாலேயே வந்தால் அட்டை ரத்து.

"அவ்வளவு தூரம் தனியாவா?" என்றார் என் கணவர் அனந்தபத்மநாபன். மின்வாரியத்தில் ரிடையரானவர். மின்சாரத்தைத் தவிர எல்லாவற்றுக்கும் பயப்படுவார்.

"நாப்பது பேர் போறா. தனியா இல்லை."

"நாப்பது பேரும் உன் கூடவே வருவாளா?"

வர மாட்டார்கள்தான். இளசுகள் முதல் மேட்டிலேயே கண்ணுக்கு மறைந்துவிடும்.

அப்போதுதான் என் மகன் ஸ்ரீஹர்ஷா தன் அலமாரியிலிருந்து அந்தக் கருவியை எடுத்து வந்தான். எலெக்ட்ரானிக் சிட்டியில் பெரிய வேலை. இரண்டு வருடத்துக்கு முன்னால் சைக்கிள், சட்டை, ஷூ, இந்த ஜி.பி.எஸ். கருவி எல்லாம் வாங்கி நான்கு ஞாயிற்றுக்கிழமை ஓட்டினான். அந்த சைக்கிள் இப்போது பால்கனியில் நிற்கிறது. மழைக்காலத்தில் என் மருமகள் ரக்ஷா அதன் மேல் துண்டு காயப்போடுவாள்.

உள்ளங்கை அகலத்துக்குக் கலர் திரை. தொட்டால் வரைபடம் விரியும். போனோடு இணைத்துவிட்டால் நான் எங்கே இருக்கிறேன் என்பது வீட்டில் நொடிக்கு நொடி தெரியும். விழுந்தால் அதுவே கண்டுபிடித்து மூன்று பேருக்குச் செய்தி அனுப்பும். "இதை மாட்டிண்டு போறதுன்னா போ. இல்லேன்னா வேண்டவே வேண்டாம்," என்றான். பரிசு கொடுப்பவன் முகம் இல்லை. லீவு சாங்ஷன் பண்ணுகிறவன் முகம்.

பழகிப் பார்க்கலாம் என்று மாட்டிக்கொண்டேன். அது என் தப்பு. முதல் ஞாயிறு திரும்பி வந்து பார்த்தால், ஹாலில் டிவியில் பெங்களூர் வரைபடம் ஓடிக்கொண்டிருந்தது. இவர் சோபாவில் காபி டம்ளரோடு. நான் படியேறி வீட்டுக்குள் வருவதை நீலப் புள்ளியாக டிவியிலும் பார்த்தேன்.

"ஜாலஹள்ளி கிட்ட இன்னிக்கு ரொம்ப ஸ்லோ," என்றார் இவர், கிரிக்கெட் பார்ப்பவர் மாதிரி.

இட்லிக்கடைப் போன்கள் இரண்டாவது ஞாயிறு. மூன்றாவது ஞாயிறுதான் அந்தப் பசு வந்தது.

அதே கடை. சைக்கிளைக் காம்பவுண்டு சுவரில் சாய்த்துவிட்டு, போனை முதுகுப் பையில் போட்டு, கை கழுவப் பின்பக்கம் போயிருந்தேன். சுவரோரம் எச்சில் இலை தின்ன வந்த பசு சைக்கிளை முட்டித் தள்ளிவிட்டது. கருவி முப்பது எண்ணும். அதற்குள் வேண்டாம் என்று அழுத்தாவிட்டால் செய்தி போய்விடும். அது எண்ணியது. பசு அழுத்தவில்லை. கடைக்குள் இருந்த சத்தத்தில் போன் அடித்ததும் எனக்குக் கேட்கவில்லை.

நாற்பது நிமிடத்தில் எங்கள் கார் கடை முன்னால் கிரீச்சென்று நின்றது. ஸ்ரீஹர்ஷா இறங்கி ஓடிவந்தான். பின்னாலேயே இவர், வேட்டியோடு, காலில் செருப்பு இல்லாமல். என் கையில் இரண்டாவது தட்டு இட்லி.

இவர் முதலில் என் கையையும் காலையும்தான் பார்த்தார். நடுரோட்டில் நான் கிடப்பதாக நினைத்தே நாற்பது நிமிடமும் வந்திருக்கிறார். தட்டைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "எனக்கு ஒண்ணும் இல்லை. பசு தள்ளிடுத்து."

"சாக்கும்மா," என்றான் ஸ்ரீஹர்ஷா. போதும் என்பதைக் கோபம் வந்தால் கன்னடத்தில்தான் சொல்வான். "இனிமே தனியாப் போக வேண்டாம். அந்த இருநூறும் வேண்டாம். போயே ஆகணும்னா நான் கார்ல பின்னாடியே வருவேன்."

"கார் வந்தா அட்டை ரத்துடா."

"ஆகட்டும்."

ஆகட்டும் என்கிறான்! நான்கு வருடம் மிதித்து சேர்த்த கால் பலம், ஒரு வார்த்தையில் ஆகட்டும். இவர் மேல் வந்த இரக்கம் எல்லாம் அந்த நொடியே பறந்துவிட்டது.

அன்று இரவு சாப்பாட்டில் நான் ஒன்று சொன்னேன். "என் புள்ளி டிவியில வரலாம். சந்தோஷம். ஆனா நாலு பேர் புள்ளியும் வரணும். போன்ல ஒரு ஆப் இருக்காம். ஒரு வாரம் பார்க்கலாம்."

"எங்களுக்கு என்ன ஒளிக்க இருக்கு?" என்று இவர் சிரித்தார். ஸ்ரீஹர்ஷா அங்கேயே எல்லார் போனிலும் ஏற்றிவிட்டான். ரக்ஷா மட்டும் கடைசியாகப் போனை நீட்டினாள்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு ஸ்ரீஹர்ஷாவின் புள்ளி எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் பறந்தது. பக்கத்தில் வேகமும் காட்டியது. உடனே போன் செய்தேன்.

"மா, ட்ரைவ் பண்ணிண்டிருக்கேன்."

"தெரியறது. நூத்திநாலுல போறே. அதுல போனையும் எடுக்கறே."

அன்று சாயங்காலம் இவர் சாங்கி ஏரிக்கு வாக்கிங் போனார். புள்ளி ஏரி பக்கமே போகவில்லை. ஒரு ஸ்வீட் கடையில் இருபத்திரண்டு நிமிடம் நின்றது. திரும்பி வந்ததும் கேட்டேன்.

"பழைய சிநேகிதனைப் பார்த்தேன்," என்றார்.

"சிநேகிதன் பேர் ஜாங்கிரியா?"

இவருக்கு சர்க்கரை இருநூற்று நாற்பது. அன்றைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவர் ராத்திரி மோர்சாதம் வேண்டாம் என்று படுத்துவிட்டார்.

ரக்ஷாவின் புள்ளி வேறு மாதிரி. மாலை ஆறு மணிக்கு மெட்ரோவில் வந்து எங்கள் ஸ்டேஷனில் இறங்கிவிடும். இறங்கி நாற்பது நிமிடம் ஸ்டேஷனிலேயே நிற்கும். பிறகுதான் வீட்டுக்கு வரும். திங்களும் அப்படி, செவ்வாயும் அப்படி. நான் கேட்கவில்லை. ஆபீஸும் இல்லாமல் வீடும் இல்லாமல் நாற்பது நிமிடம் எதற்கு என்று ஒரு பெண்ணைக் கேட்க எனக்கு வாய் வராது.

புதன்கிழமை இவர் கேட்டுவிட்டார். வெள்ளந்தியாகத்தான் கேட்டார். "ஏம்மா ரக்ஷா, ஸ்டேஷன்ல தினமும் நாப்பது நிமிஷம் என்ன பண்றே?"

தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. "சும்மா உக்காந்திருப்பேன்."

"யாரோட?" என்றான் ஸ்ரீஹர்ஷா.

அந்தக் கேள்வி வாயிலிருந்து விழுந்ததுமே தப்பு என்று அவனுக்கே தெரிந்துவிட்டது. திரும்ப எடுக்க முடியாதே. ரக்ஷா எழுந்து கை கழுவிக்கொண்டு வந்தாள். போனை எடுத்து, எங்கள் எல்லார் முன்னாலும் அந்த ஆப்பை நீக்கினாள்.

"யாரோடயும் இல்லை. தனியா. எனக்கு இது வேண்டாம். அம்மாவுக்கும் வேண்டாம்," என்றாள்.

மறுநாள் காலையில் டிவியில் ஒரே ஒரு புள்ளிதான் இருந்தது. என்னுடையது. ஆண்கள் இருவரும் சத்தமில்லாமல் கழன்றுகொண்டுவிட்டார்கள். ஸ்ரீஹர்ஷா மட்டும் ஆபீஸுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, "அது வேற, இது வேற மா. ஹைவே. நான் கார்ல வரத்தான் போறேன்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்றே பஸ் பிடித்து அல்சூருக்குப் போனேன். அங்கே மார்க்கெட் பக்கம் ஒரு சந்தில் யூஜினின் சைக்கிள் கடை. யூஜின் பக்கத்து மர்பி டவுன்காரர். என் சைக்கிளுக்கு செயின் மாற்றுவதெல்லாம் அவர்தான். வேண்டாததைத் தலையில் கட்ட மாட்டார்.

"ஒரு ஜி.பி.எஸ். வேணும் யூஜின். எனக்கே எனக்கு."

கண்ணாடிப் பெட்டியிலிருந்து மூன்றை எடுத்து வைத்தார். முதலாவது ஸ்ரீஹர்ஷாவுடையதன் தம்பி. பளபளவென்று கலர். "இது ஏக்தம் டாப்பு மேடம். மேப்பு, லைவ் டிராக்கிங், விழுந்தா மெசேஜ், எல்லாம் இருக்கு."

"அதை ஆஃப் பண்ணிக்கலாமா?"

"தாராளமா. ஒரு பட்டன்தான்."

யோசித்தேன். இருக்கிற வசதியை மூடி வைத்தால் ஏன் மூடினாய் என்று தினம் ஒரு கேள்வி வரும். இல்லாத வசதிக்கு என்ன கேள்வி? முதலாவதைத் தள்ளி வைத்தேன்.

மற்ற இரண்டையும் எடுத்துக்கொண்டு வெயிலுக்குப் போனேன். கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். இரண்டாவதன் திரையில் என் முகம்தான் தெரிந்தது. மூன்றாவது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. கறுப்பு வெள்ளைத் திரை. உச்சி வெயிலில் எண்கள் பளிச்சென்று இருந்தன. மழைக்கு எப்படி என்று பார்க்க, கடைக் குடத்துத் தண்ணீரில் விரலை நனைத்துத் திரும்ப வந்தேன். இரண்டாவதைத் தொட்டால் அது இஷ்டத்துக்குப் பக்கம் தள்ளியது. மூன்றாவதில் தொடுகிற வேலையே இல்லை, ஓரத்தில் ஐந்து பட்டன். கையுறை போட்டு அழுத்தினேன். டிக்கென்று கேட்டது.

"சார்ஜ் எவ்வளவு நேரம் நிக்கும்?"

"கண்ணை மூடிக்கினு இருபத்தஞ்சு மணி நேரம். உங்க இருநூறுக்கு அது போதும், மிச்சமும் இருக்கும். வழி காட்டும், ஆனா வெறும் கோடும் அம்பும்தான். தப்பு ரூட்ல போனா கத்தும்."

"வேற யார்கிட்டயாவது பேசுமா?"

யூஜின் என்னைக் கொஞ்சம் பார்த்தார். "பேசாது மேடம். போன்கூட சேராது. ரூட்டையே ஒயரு போட்டுத்தான் ஏத்தணும். அதனாலதான் யாரும் வாங்கறதில்லை. உங்ககிட்ட மட்டும்தான் பேசும்."

"இதையே குடுங்க."

"விழுந்தாலும் சொல்லாது மேடம். தெரிஞ்சு வாங்கறீங்கதானே?"

"தெரிஞ்சுதான்," என்றேன்.

ராத்திரி ஸ்ரீஹர்ஷாவின் கருவியை ஒயரோடு சுற்றி அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். "உன் சாமான். துண்டு காயற சைக்கிள்ல மாட்டிக்கோ." என்னுடையதை அதற்குப் பக்கத்தில் வைத்தேன். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதுல ஒண்ணுமே இல்லையே மா."

"அதுக்குத்தான் வாங்கினேன். இன்னொண்ணும் கேட்டுக்கோ. சனிக்கிழமை அந்த இருநூறுல என் பின்னாடி நம்ம கார் வந்ததுன்னா, அங்கேயே அட்டையைக் குடுத்துட்டு, வீட்டுக்கு வராம அப்படியே மைசூருக்கு, உங்க பெரியம்மா ஆத்துக்குப் போயிடுவேன். சைக்கிள்லயே. விளையாட்டுக்குச் சொல்றேன்னு நினைச்சா வந்து பாரு."

ரக்ஷா தட்டைப் பார்த்துக்கொண்டே சிரித்தாள். கார் வரவில்லை.

சனிக்கிழமை ஹிந்துபூர் தாண்டி முத்திரை வாங்கியபோது மணி பதினொன்றே முக்கால். வெயில் கொளுத்தியது. அட்டையில் முத்திரை குத்தியவன் நேரம் எழுதி, "சூப்பர் ஆண்ட்டி," என்றான். ஆண்ட்டிக்கு முறைத்தேன். சூப்பரை வைத்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. கௌரிபிதனூருக்கு முன்னால் ஒரு ரயில் கேட். தண்டவாளம் ரோட்டுக்குக் குறுக்காக இல்லாமல் சாய்வாக ஓடும். நனைந்த தண்டவாளத்தை நேராகத் திருப்பிக் கடக்க வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான், திருப்பாமல் போனேன். முன் சக்கரம் வழுக்கியது. அடுத்த நொடி இடது முழங்காலும் முழங்கையும் தார் ரோட்டில் இருந்தன.

லாரிக்காரன் சுற்றிக்கொண்டு போய்விட்டான். சைக்கிளை இழுத்துக்கொண்டு ஓரத்து மரத்தடிக்கு வந்து உட்கார்ந்தேன். முழங்காலில் ரத்தமும் மழைத்தண்ணீரும் சேர்ந்து ஓடின. கேட்காரர் குடையோடு வந்து, "பெட்டாயித்தா அம்மா?" என்று கேட்டார். அடிபட்டதா என்று ஒருவர் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கொண்டுவந்த தண்ணீரில் காயத்தைக் கழுவினேன்.

மறைக்க மாட்டேன். அந்த மரத்தடியில் ஸ்ரீஹர்ஷாவின் கருவி இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். அது இந்நேரம் முப்பது எண்ணி முடித்திருக்கும். கார் கிளம்பியிருக்கும். போன் முதுகுப் பையில்தான் இருந்தது. எடுத்தேன். வீட்டு நம்பர் வரைக்கும் போனேன். ஹேண்டில்பாரில் அந்தத் தீப்பெட்டிக் கருவி, திரையில் ஒரு கீறலோடு, எழுபது கிலோமீட்டர் மிச்சம் என்று காட்டிக்கொண்டிருந்தது. அதற்கு நான் விழுந்ததே தெரியாது. வண்டி நிற்கிறது என்பது மட்டும் தெரியும். முழங்காலை மடக்கிப் பார்த்தேன். மடங்கியது. நீட்டினேன். வலித்தது, நீண்டது. எலும்பு இல்லை, தோல்தான். போனைப் பைக்குள் போட்டேன். எழுந்தேன்.

அந்த எழுபது கிலோமீட்டரும் ஒவ்வொரு மிதிக்கும் வலித்தது. மேடுகளில் வாய்விட்டுத் திட்டிக்கொண்டே ஏறினேன். லாரிக்காரனை, பசுவை, அந்தத் தடி நோட்டை. யாரும் கேட்கவில்லை. மாலை ஆறு நாற்பதுக்குக் கிளம்பிய இடத்துக்கே வந்து அட்டையைக் கொடுத்தேன். கடைசி முத்திரை விழுந்தது. ஐம்பது நிமிடம் மிச்சம் இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது டிவி அணைந்திருந்தது. மூன்று பேரும் ஹாலில் இருந்தார்கள். மத்தியானத்திலிருந்தே அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று டம்ளர்களைப் பார்த்ததும் புரிந்தது. முழங்காலை முதலில் பார்த்தவன் ஸ்ரீஹர்ஷா.

"விழுந்தியா?"

"விழுந்தேன்."

"எப்போ?"

"ரெண்டு மணிக்கு. கௌரிபிதனூர் கேட்ல."

"ரெண்டு மணிக்கா! ஏன் மா போன் பண்ணலை?"

"எழுந்துக்க முடிஞ்சதுடா."

அவன் வாயைத் திறந்தான். ரக்ஷா அவன் தோளில் கை வைத்தாள். மூடிக்கொண்டான்.

இவர் உள்ளே போய் வெந்நீரும் பஞ்சும் மருந்தும் எடுத்து வந்தார். கீழே உட்கார்ந்து என் காலைத் தன் மடியில் வைத்துத் துடைத்தார். காயத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எழுந்துக்க முடியலேன்னா போன் பண்ணுவியா?"

"பண்ணுவேன்."

"நிஜமா?"

"உங்களுக்குத்தான் முதல்ல."

"சரி," என்றார்.

கல்யாணமாகி முப்பத்தோரு வருடத்தில் எங்கே போனாய், ஏன் நேரமாயிற்று என்று எத்தனையோ கேட்டிருக்கிறார். நான் சொன்ன பதிலுக்கு மேல் ஒரு கேள்வி வராமல் 'சரி' என்று நின்றது அன்றைக்குத்தான். மருந்து பட்டு எரிந்தது. காலை இழுத்துக்கொள்ளவில்லை.

"அடுத்தது எவ்வளவு?" என்றாள் ரக்ஷா.

"முந்நூறு," என்றேன். "ஸ்ரீ, அந்த டிவி ப்ளக்கைக் கழட்டு. என் ஜி.பி.எஸ்ஸை சார்ஜ் போடணும்."

அவன் எழுந்து போய்க் கழற்றினான்.